குப்பைமேட்டுக்குப் போகும் சோறும் காய்கறியும்: வாசகர் கேள்வி–பதில்

மக்கும் குப்பை குறித்து வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூர் மாவட்டத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, கீழே விடை தரப்பட்டுள்ளது. பெயர் வெளியிட வேண்டாம் எனப் பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரும் இங்கு இடம்பெறவில்லை.

காய்கறித் தோலும் மிச்சச் சோறும் எங்கே போட்டாலும் மண்ணோடு மண்ணாகத்தானே போகும்? பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, தானாக மக்குகிற குப்பையைப் பற்றி அரசுகள் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? (மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்)

மண்ணோடு மண்ணாவதற்குக் காற்று வேண்டும். தோட்டத்து மூலையில் ஒரு கூடைக் காய்கறித் தோலைக் கொட்டி, மேலே கொஞ்சம் சருகைப் போட்டு வைத்தால், காற்றைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிட்டு, சில வாரங்களில் கரிய தூளாக்கிவிடும். அதே தோல் குப்பைக் கிடங்கில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட குவியலின் அடியில், லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் ஏறி மிதித்த இடத்தில் கிடக்கும்போது, அங்கே காற்று நுழைவதில்லை. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவை வெளிவிடுவது மீத்தேன். குவியலிலிருந்து எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி அதுதான். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைக் காட்டிலும் 80 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்குகிறது. நமக்கு உடனடியாகத் தெரிவது அதன் இன்னொரு குணம்: அது எரியும். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சியை அடுத்த பிரம்மபுரத்திலும் கிடங்குகள் நாள்கணக்கில் புகைந்தபோது, மேலே தண்ணீர் பீய்ச்சியும் தீ அடங்காமல் போனதற்குக் குவியலின் உள்ளே தேங்கியிருந்த வாயுவும் வெப்பமும் முக்கியக் காரணங்கள்.

வாயுவைவிட நம் பகுதி அதிகம் அஞ்ச வேண்டியது நீரை. ஈரக் குப்பை அழுகும்போது கசியும் கருநிற நீர், மழையோடு சேர்ந்து, வழியில் அகப்படும் பேட்டரி, பெயின்ட் டப்பா ஆகியவற்றின் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. புதுச்சேரி குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. நிலவியலாளர்கள் 'கடலூர் மணற்கல்' என்று அழைக்கும் நீர்தாங்கிப் பாறை அடுக்கு, மாநில எல்லையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இரு பக்கத்துக்கும் அடியில் விரிந்து கிடக்கிறது. கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. சுமார் 290 சதுர கிலோமீட்டர் பரப்பில் 80-க்கும் மேற்பட்ட ஏரிகளை வைத்துக்கொண்டிருக்கும் புதுச்சேரிப் பகுதியில் இப்படி ஓர் இடத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை, வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பவர் எவரும் அறிவார். புதுச்சேரியின் குப்பை சேரும் குரும்பாபேட் கிடங்கு நிரம்பினால் அடுத்தது எங்கே என்ற கேள்விக்கு எளிய விடை இல்லாததால்தான், கிடங்குக்குப் போகும் அளவைக் குறைப்பது இங்கே பிழைப்புக்குரிய தேவையாகிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சாம்பார் ஊறிய பிளாஸ்டிக்கை எந்தக் காயலான்கடைக்காரரும் வாங்குவதில்லை. நம் நகரக் குப்பையில் எடைக் கணக்கில் ஏறத்தாழப் பாதி ஈரக் குப்பை என்பதால், அதை முதலில் தனியே எடுத்துவிட்டால் எஞ்சிய காகிதமும் பிளாஸ்டிக்கும் விலைபோகும் நிலையில் கிடைக்கின்றன.

வெளிநாடுகளில் சட்டம் போட்டு உணவுக் கழிவைக் கிடங்குக்குப் போகாமல் தடுத்துவிட்டார்களாமே? எது உண்மையில் பலன் தந்தது? (சட்டக் கல்லூரி மாணவி, வில்லியனூர்)

சட்டம் போட்ட நாடுகள் பல, ஆனால் அவை எல்லாம் ஒரே வழியில் செல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் இலக்கு வைத்தது. 1995-இல் உண்டான மக்கும் நகரக் கழிவை அளவாக எடுத்துக்கொண்டு, கிடங்குக்குப் போகும் பங்கு முதலில் 75, பிறகு 50, கடைசியாக 35 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும் என்று கெடு விதித்து, எவ்வாறு இறக்குவது என்பதை அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டது. தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்ததோடு, 2013 முதல் போடும் அளவுக்கேற்பக் கட்டணமும் வாங்கத் தொடங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால் திறந்து, உள்ளே போட்டதை எடைபோட்டு அந்த வீட்டின் கணக்கில் ஏற்றும் தொட்டிகள் வைக்கப்பட்டன. அங்கே இப்போது உணவுக் கழிவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தீவனமாகவோ உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றப்படுகிறது. பிரான்சில் 2024 ஜனவரி 1 முதல், வீட்டு மக்கும் கழிவைத் தனியே போடுவதற்கான வசதியை எல்லாருக்கும் உள்ளாட்சிகள் அளிக்க வேண்டும் என்பது சட்டம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில் இந்தச் செய்தி சிலருக்கு அங்குள்ள உறவினர் வழியாகவே வந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது அமெரிக்க அனுபவம் என்பது என் கருத்து. அங்கே முதலில் தடை கொண்டுவந்த ஐந்து மாநிலங்களை ஒப்பிட்டு 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கலிபோர்னியா, கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய நான்கிலும், அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட ஆண்டுகளில், சட்டத்தால் குப்பை குறைந்ததாகக் காட்டத்தக்க மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸில் மட்டும் சராசரியாக 7 விழுக்காடு குறைந்திருந்தது. ஐந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நோக்கத்தோடு வந்த சட்டங்கள். வேறுபாடு எங்கே என்று பார்த்தவர்கள் மூன்றைச் சொன்னார்கள்: கழிவை உரமாக்கும் இடங்கள் பக்கத்திலேயே போதிய எண்ணிக்கையில் இருந்தன, வாரத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் உணவுக் கழிவு உண்டாக்கும் நிறுவனம் எதுவானாலும் அடங்கும் என்று விதி ஒரே வரியில், விலக்குகள் இன்றி இருந்தது, அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள், தண்டமும் போட்டார்கள். அந்த வரம்பை 2022-இல் அரை டன்னாகக் குறைத்தது பிறகு நடந்தது.

நம்மிடம் விதிக்குப் பஞ்சமில்லை. 2000-இல் ஒன்று, 2016-இல் ஒன்று; பிறகு ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்லி, 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் வகையில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள். பிரிக்காத குப்பையைக் கிடங்குக்கு அனுப்பும் உள்ளாட்சி, பிரித்துப் பதப்படுத்தினால் ஆகும் செலவைவிடக் கூடுதலான கட்டணம் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு இவற்றில் இருக்கிறது. கிடங்குக்கு அனுப்புவதே மலிவாக இருக்கும் வரை எந்த அதிகாரியும் வேறு வழியைத் தேட மாட்டார் என்பதால், இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆனால் கிடங்கின் வாசலில் எடைமேடையும், வந்த வண்டியைத் திறந்து பார்க்க ஓர் ஆளும் இல்லாவிட்டால் இந்தக் கட்டணம் ஏட்டில்தான் இருக்கும்.

உள்நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஆலப்புழையைப் பாருங்கள். 2012-இல் சர்வோதயபுரத்து மக்கள் தங்கள் ஊருக்குள் வந்த நகரக் குப்பை வண்டிகளை மறித்தபோது, அந்த நகராட்சிக்கு வேறு நிலம் இல்லை. வீட்டு எரிவாயுக் கலன்களும், தெருமுனைகளில் சாணக் கரைசலும் சருகும் அடுக்கிக் காற்றோட்டமாக மக்கவைக்கும் தொட்டிகளும் அந்த நெருக்கடியில் பெருகியவை. நல்லெண்ணத்தால் மட்டும் நடந்ததாக அதைச் சொல்ல முடியாது. கொண்டுபோய்க் கொட்டும் கதவு மூடப்பட்டது என்பதே தொடக்கம்.

நான் வீட்டில் ஒழுங்காகப் பிரித்து இரண்டு வாளிகளில் கொடுக்கிறேன். என் கண் முன்னாலேயே வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு நான் ஏன் பிரிக்க வேண்டும்? (ஊரும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட வாசகி)

இந்தக் கேள்விதான் அதிகக் கடிதங்களில் வந்தது. கோபமும் இதில்தான் அதிகம். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் மீது அதைக் காட்டுவதில் பயனில்லை. அவருக்குத் தரப்பட்ட வண்டியில் தடுப்பு இல்லை. இருந்தாலும், சேரும் இடத்தில் ஈரக் குப்பையை இறக்க வேறு மேடை இல்லையென்றால் பிரித்துக் கொண்டுபோவது அவருக்கு வீண் சுமை. புதுச்சேரி, கடலூர் ஆகிய இரு பக்கத்திலும் பல குப்பை ஒப்பந்தங்களில், ஏற்றிச் செல்லும் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தரப்படுவதும் உண்டு; எடை கூடினால் வருமானம் கூடும் ஒப்பந்தக்காரர், ஈரக் குப்பை குறைவதை ஏன் விரும்ப வேண்டும்? கேட்க வேண்டிய கேள்வி எனவே இதுதான்: எங்கள் பகுதி ஈரக் குப்பை எந்த நுண் உர மையத்துக்கு (ஈரக் குப்பையை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்கும் சிறு கூடம்) போகிறது, அதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொள்ளளவு, ஒப்பந்தத்தில் பணம் எதற்குத் தரப்படுகிறது? இதை எழுத்தில் கேட்டு, விடை வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. அங்கே வார்டு உறுப்பினர் ஒருவரிடம் போய் நிற்கலாம். புதுச்சேரியில் 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு நெடுங்காலம் தேர்தலே நடக்கவில்லை. குப்பையைப் பற்றிக் கேட்பதற்கு வார்டில் ஓர் ஆள் இல்லாமல் போனது சிறிய குறையன்று.

அதுவரை பிரிப்பதை நிறுத்த வேண்டாம் என்றே சொல்வேன். உலர் குப்பையைச் சேர்த்து வைத்துக் காயலான்கடைக்குப் போடலாம். ஈரக் குப்பையைக் கூடுமானவரை வீட்டிலேயே உரமாக்கலாம். அப்படிச் செய்தால், அவர்கள் கலந்து கொட்டுவதற்கு உங்கள் வீட்டிலிருந்து எதுவும் போகாது.

எங்கள் கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்துக்கே வண்டிக்கணக்கில் எச்சில் இலையும் சாப்பாட்டு மிச்சமும் சேர்கிறது. எங்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? சாண எரிவாயு போல ஒரு கலன் வைத்தால் தீருமா? (மண்டப நிர்வாகி, புதுச்சேரி)

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை 2016 விதிகள் பெருமளவுக் கழிவு உண்டாக்குவோர் என்று வகைப்படுத்தின; புதிய விதிகளிலும் 100 கிலோ ஓர் அளவுகோலாகத் தொடர்கிறது. ஈரக் குப்பையைக் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டியது உங்கள் கடமை. இயலாவிட்டால் வேறிடத்தில் பதப்படுத்தியதற்கான சான்றைப் பெற வேண்டும். மண்டபமில்லாமல் தெருவிலோ மைதானத்திலோ பந்தல் போட்டு 100 பேருக்கு மேல் கூட்டுபவர்கள்கூட, மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதி சொன்னது. இதைச் செய்தவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

எரிவாயுக் கலன் மண்டபத்துக்கு ஏற்றதன்று. அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு தீனி வேண்டும். ஆடி மாதம் முழுவதும் பட்டினி போட்டுவிட்டு, ஆவணியில் ஒரே நாளில் அண்டாக்கணக்கில் சோற்றைக் கொட்டினால் கலன் புளித்து, வாயு வருவது நின்றுபோகும். தினமும் அடுப்பெரியும் ஓட்டல், விடுதி, மருத்துவமனைச் சமையலறை ஆகியவற்றுக்குத்தான் அது பொருத்தம். அங்கே 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து சுமார் 8 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். அது மூன்றரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. அந்த அளவில் ஐந்தாறு நாள்களுக்கு ஒரு வணிக சிலிண்டர் மிச்சமாகும்.

உங்களுக்கு உகந்தது இலையை வேறாகவும் உணவை வேறாகவும் எடுப்பது. பந்தியில் தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கிண்ணமும் இலையோடு சுருட்டப்படாமல், கை கழுவும் இடத்துக்கு முன்பே போடத் தனித் தொட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகித இலையை மண்டபத்துக்குள் விடாதீர்கள். அது மக்காது, மக்குவதையும் கெடுக்கும். வாழையிலையை நறுக்கி, சருகும் சாணமும் சேர்த்து அடுக்கினால் எளிதில் மக்கிவிடும். கைபடாத உணவைச் சமைத்த சில மணி நேரத்துக்குள் பிறருக்கு வழங்க ஏற்பாடு செய்யுங்கள். மாட்டுக்குப் போடலாம் என்று மிச்சச் சோறு முழுவதையும் ஒரே கொட்டகைக்கு அனுப்பும் வழக்கம் தவறானது: ஒரே வேளையில் அளவுக்கு மீறிச் சோறு தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் மிகுந்து, உப்பி, உயிரே போவதுண்டு.

நகரக் குப்பை உரத்தை வாங்கிப் போடச் சொல்கிறார்கள். ஒருமுறை வாங்கியதில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. நம்பி வயலில் போடலாமா? (விவசாயி, பாகூர்)

கண்ணாடி கிடந்த உரத்தைப் போட வேண்டாம். கலந்து வந்த குப்பையை மக்கவைத்துப் பிறகு சலிப்பதால் கண்ணாடியும் பிளாஸ்டிக் துணுக்கும் தங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஈயம், காட்மியம் போன்றவை எந்தச் சல்லடையிலும் நிற்பதில்லை. காய்கறிச் சந்தை, பூக்கடை, உழவர் சந்தை ஆகியவற்றிலிருந்து தனியே எடுத்து வந்த கழிவில் செய்த உரம் வேறு தரம். ஆகவே வாங்கும்போது எந்த இடத்துக் கழிவு என்று கேளுங்கள், பிறகு பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கார்பன், நைட்ரஜன் விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. அதற்கு மேல் இருந்தால் உரம் இன்னும் முதிரவில்லை. வயலில் போட்ட பிறகு அது மக்குவதற்காக மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். வீட்டிலேயே சோதிக்க, ஒரு தொட்டியில் அந்த உரத்தையும் மண்ணையும் சரிபாதி கலந்து பத்துப் பச்சைப்பயறும், இன்னொன்றில் வெறும் மண்ணில் பத்துப் பயறும் ஊன்றுங்கள். உரத் தொட்டியில் முளைப்பு தெளிவாகக் குறைந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கொள்கை வகுப்போர் கவனிக்காமல் விடும் முனை இதுதான். நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று 2016-இல் மத்திய அரசு அறிவித்தது. உர நிறுவனங்களும் அதைச் சேர்த்து விற்க வேண்டும் என்றது. உதவித்தொகை அளவுக்குத் தரப்பட்டது. தரத்துக்குத் தரப்பட்டிருந்தால், பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயல்கள் புதுச்சேரியின் ஈரக் குப்பைக்கு மிக அருகிலுள்ள சந்தையாகியிருக்கும். விவசாயியின் காலில் ஒருமுறை கண்ணாடி குத்திவிட்டால் அவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

பலாப்பழப் பருவத்தில் எங்கள் மண்டிப் பகுதியில் தோலும் சடையும் மலைபோல் குவிகின்றன. இதற்கென்று ஏதாவது செய்யலாமா? (பண்ருட்டி வாசகர்)

பழத்தின் எடையில் சுளையாக நாம் தின்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியதில் கொட்டை போகத் தோலும் சடையும் நல்ல மாட்டுத் தீவனம். துண்டு போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்துப் பதனத் தீவனமாக்கினால் பருவம் முடிந்த பிறகும் வைத்துக் கொடுக்கலாம். உங்கள் பகுதியில் கால்நடைக்குக் குறைவில்லை. பருவக் கழிவுக்கென்று ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆலை கட்டுவது வீண். நான்கு மாதம் மட்டும் வெட்டு இயந்திரம் ஒன்றும் கூடுதல் தளமும் ஏற்பாடு செய்வது போதும். பருவகாலக் குப்பைக்குத் தனித் திட்டம் எழுதும் பழக்கம் நம் உள்ளாட்சிகளுக்கு வர வேண்டும்.

மீன் கழிவையும் உரத் தொட்டியில் போடலாமா? (கடலூர் முதுநகர் வாசகி)

வீட்டுத் தொட்டியில் வேண்டாம், நாயும் ஈயும் வரும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் மூடிய வாளியில் மூன்று வாரம் வைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். நன்றாக நீர்த்துச் செடிக்குத் தெளிக்கலாம். துறைமுக அளவில் சேர்வதை மீன் தூள் ஆலைக்கு அனுப்புவதே முறை.

எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி நடந்தால் தமிழ்நாடு, திரும்பினால் புதுச்சேரி. குப்பைக்கு மட்டும் இரண்டு அரசு எதற்கு? கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே திட்டம் வகுக்க முடியாதா? (கிருமாம்பாக்கம் வாசகர்)

முடியும், ஆனால் எதைப் பொதுவாக்குவது என்பதில் கவனம் வேண்டும். கனடாவில் வான்கூவரைச் சுற்றியுள்ள நகராட்சிகள் சேர்ந்த வட்டார அமைப்பு 2015-இல் உணவுக் கழிவைக் கிடங்குக்கு அனுப்பத் தடை விதித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளை அனுப்பாமல், குப்பை இறக்கும் நிலையத்தின் வாசலில் வண்டியைப் பார்த்து, சுமையில் கால் பங்குக்கு மேல் உணவுக் கழிவு தெரிந்தால் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். எல்லா நகராட்சிக்கும் ஒரே விதி என்பதால் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போய்க் கொட்டுவதில் இலாபம் இல்லாமல் போயிற்று. இங்கே ஒரு பக்கம் கண்டிப்பும் மறுபக்கம் தளர்வும் இருந்தால், ஓட்டல் கழிவும் கோழிக்கடைக் கழிவும் இரவோடு இரவாக எல்லை தாண்டி, பெண்ணையாற்றங்கரையிலோ நெடுஞ்சாலையோரத்திலோ இறங்கும். அதைப் பிடிக்கும் அதிகாரியின் எல்லையும் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது: அந்தப் பக்கம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், இந்தப் பக்கம் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். இரண்டுக்கும் மேலே, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஒரே தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

எனவே பெருமளவுக் கழிவு உண்டாக்குவோர் பட்டியல், வண்டிப் பதிவு, தண்டத் தொகை, கிடங்கு வாசல் கட்டணம் ஆகியவற்றை இரு நிர்வாகங்களும் ஒன்றுபோல் வைத்துக்கொள்ள ஓர் உடன்பாடு எழுதலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பொதுவான ஒரு பெரிய கிடங்கோ ஆலையோ கட்டுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அது ஏதேனும் ஓர் எல்லைக் கிராமத்தின் தலையில் விழும், அந்தக் கிராமம் பெரும்பாலும் கேட்க ஆளில்லாத ஊராகவே இருக்கும். ஈரக் குப்பையில் பெரும்பகுதி நீர். அதை 20 கிலோமீட்டர் ஏற்றிச் செல்வது டீசல் செலவழித்துத் தண்ணீர் சுமப்பதாகும். புதுச்சேரியின் பெரிய மார்க்கெட் கழிவு நகரத்துக்குள்ளும், கொம்யூன் பஞ்சாயத்துகளின் (புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சிகள்) கழிவு அந்தந்தக் கொம்யூனிலும், கடலூர் உழவர் சந்தைக் கழிவு கடலூரிலும் மக்கட்டும். எந்த மையமானாலும் மேலே கூரை இருக்க வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் திறந்தவெளி உரக் குவியல் கரைந்து வாய்க்காலில்தான் சேரும்.

பால்கனித் தொட்டியில் வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. தூக்கிப் போட்டுவிடட்டுமா? (லாஸ்பேட்டை வாசகி)

வேண்டாம். அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிப்பதில்லை, உணவுக் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். தொட்டியில் ஈரம் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. இரண்டு கைப்பிடி காய்ந்த சருகோ தேங்காய்நார்க் கழிவோ கலந்து கிளறி, அடுத்த சில நாள்களுக்குக் குழம்பு, மோர் போன்ற நீர்மங்களை ஊற்றாமல் இருங்கள். மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.